வெற்று வாங்குகளும் விசுவாசமும்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கட்டப்பட்ட புனித பவுல் தேவாலயம், 2005ஆம் ஆண்டில் சர்க்கஸ் கலை பயிற்றும் கூடமாக மாற்றப்பட்டது. அந்நாட்டின் வேறு பல தேவாலயங்கள் வீடுகளாகவும் நூலகங்களாகவும் உணவுச்சாலைகளாகவும் உருமாறியுள்ளன. இக்கட்டடங்களைப் பகைவர் எவரும் படையெடுத்து வந்து கைப்பற்றவில்லை. ஞாயிறுதோறும் அங்கு வந்தமர்ந்தோர் மெல்ல மெல்ல வராது நின்றமையே இம்மாற்றத்துக்குக் காரணமாகும்.

இவ்வீழ்ச்சியின் அளவைக் குடிசன மதிப்புகள் துலாம்பரமாகக் காட்டுகின்றன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001ஆம் ஆண்டில் தம்மைக் கிறிஸ்தவர் எனக் குறித்தோர் 71.7 வீதத்தினராவர். இத்தொகை 2011இல் 59.3 வீதமாகவும் 2021இல் 46.2 வீதமாகவும் குறைந்தது. எச்சமயத்தையும் சாராதோர் என்று தம்மைக் குறித்தோர் அதே இருபது ஆண்டுகளில் 14.8 வீதத்திலிருந்து 37.2 வீதமாகப் பெருகினர். கிறிஸ்தவர் எனத் தம்மைக் குறித்தோருள்ளும் ஆராதனைக்குச் செல்வோர் சிறுபான்மையினரே. இங்கிலாந்துத் திருச்சபையின் வாராந்த ஆராதனைகளிற் கலந்துகொண்டோர் 2019ஆம் ஆண்டில் சராசரியாக ஏறத்தாழ 8 இலட்சத்து 54 ஆயிரம் பேராவர். ஐந்தரைக் கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில், அரசரைத் தலைவராகக் கொண்ட திருச்சபையின் நிலை இது.

இந்நிலை ஏன் ஏற்பட்டது என்னும் வினாவுக்கு இரு தரப்பினர் விடை கூறுவர். சமயப் பற்றுடையோர் இதனை ஒழுக்கத் தளர்ச்சியின் விளைவாகவும் உலக இன்பங்களில் மனிதர் கொண்ட மோகத்தின் விளைவாகவும் காண்பர். பகுத்தறிவுவாதிகள் இதனை அறிவின் வெற்றியாகக் கொள்வர். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு விடைகளும் ஓர் எடுகோளில் ஒன்றுபடுகின்றன. முற்காலத்திலே தேவாலயங்கள் நிறைந்திருந்தமைக்கு மக்களின் விசுவாசமே காரணம் என்பதும், இன்று அவை வெறிச்சோடியிருப்பதற்கு அவ்விசுவாசம் அழிந்தமையே காரணம் என்பதும் அந்த எடுகோளாகும். இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.

விஞ்ஞான வளர்ச்சியே மக்களைத் தேவாலயத்திலிருந்து அகற்றியது என்னும் கருத்து பரவலாக வழங்குகிறது. டார்வினின் உயிரினத் தோற்றம் பற்றிய நூல் 1859ஆம் ஆண்டில் வெளிவந்து படித்தோர் பலரின் நம்பிக்கையை உலுக்கியது உண்மையே. ஆயின், விஞ்ஞானத்திலும் கைத்தொழிலிலும் முன்னணியில் நின்ற ஐக்கிய அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டு முழுவதும் தேவாலயங்கள் நிறைந்தே இருந்தன. கலப் நிறுவனத்தின் கணிப்பின்படி, வழிபாட்டிடம் ஒன்றில் உறுப்பினராயிருந்த அமெரிக்கர் 1999ஆம் ஆண்டிலும் 70 வீதத்தினராக இருந்தனர். 2020ஆம் ஆண்டிலேயே அத்தொகை 47 வீதமாகி முதன்முறையாகப் பாதிக்குக் கீழ் இறங்கியது. அமெரிக்காவுக்கு விஞ்ஞானம் 1999க்குப் பின்னர் வந்து சேரவில்லை. நவீனத்துவம் வளருமிடத்துச் சமயம் தேய்ந்தொழியும் என 1960களில் எழுதிய சமூகவியலாளர் பீற்றர் பேர்கர், 1999இல் வெளிவந்த நூலிலே அக்கருத்தைத் தாமே கைவிட்டமையும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அடுத்து, கைத்தொழிற் புரட்சியின் விளைவாகக் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்த தொழிலாளர் சமயப் பழக்கத்தை இழந்தனர் எனக் கூறப்படுவதுண்டு. இக்கூற்றைச் சோதிப்பதற்கு அரியதொரு சான்று உண்டு. 1851ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள எல்லா வழிபாட்டிடங்களிலும் கூடியோரை அரசாங்கம் எண்ணிக் கணித்தது. அப்பணியை நடத்திய ஹொரஸ் மான், ஆராதனைக்குச் செல்லக்கூடிய நிலையிலிருந்தும் செல்லாதோர் 52 இலட்சத்துக்கு மேற்பட்டோர் என மதிப்பிட்டார். அன்றைய மொத்தக் குடித்தொகை ஏறத்தாழ 1 கோடியே 79 இலட்சமாகும். சமயப் பற்று மிக்கதென இன்று போற்றப்படும் விக்ரோறியா காலத்தின் நடுப்பகுதியிலேயே, டார்வினின் நூல் வெளிவருவதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, வாங்குகள் பல வெறுமையாக இருந்தன என்பது இதனாற் புலனாகும்.

வராதோர் பெரும்பாலும் உழைக்கும் மக்கள் எனக் கண்ட மான், அதற்கான காரணங்களையும் ஆராய்ந்தார். அவர் முதன்மையாகக் குறிப்பிட்ட காரணங்களுள் ஒன்று, தேவாலயத்தினுள்ளே பேணப்பட்ட வர்க்க வேறுபாடு ஆகும். அக்காலத் தேவாலயங்கள் பலவற்றில் முன்வரிசை வாங்குகள் வாடகைக்கு விடப்பட்டன. வசதி படைத்த குடும்பங்கள் தமக்கெனச் சிறு கதவு பொருத்திய இருக்கைகளை வைத்திருந்தன. ஏழைகளுக்கு ஓரங்களிலும் பின்புறத்திலும் இலவச இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. கடவுளின் முன் யாவரும் சமம் என்று போதனை செய்யப்படுகையில், அச்சமத்துவத்தைப் பின்வரிசையிலிருந்து கேட்க நேர்ந்தவன் அதனை எவ்வாறு ஏற்றிருப்பான் என்பது ஊகிக்கக்கூடியதே. ஷெபீல்ட் என்னும் உருக்கு நகரத்தின் சமய வரலாற்றை 1957இல் எழுதிய ஈ. ஆர். விக்கம், கைத்தொழில் நகரங்களின் தொழிலாளர் திருச்சபையை விட்டு விலகியோர் என்பதிலும், தொடக்கம் முதலே அதனுள் சேர்க்கப்படாதோர் என்பதே பொருந்தும் எனக் காட்டினார்.

இவ்வாறாயின், வந்தோர் எதற்காக வந்தனர் என்ற வினா எழுகிறது. இதற்கு விடை காண மேலும் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். எலிசபெத் அரசியின் ஆட்சியில் 1559ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாள்களிலும் தம் பங்குத் தேவாலயத்துக்குத் தக்க காரணமின்றி வராதோர் ஒவ்வொரு தடவைக்கும் பன்னிரண்டு பென்ஸ் தண்டம் செலுத்த வேண்டுமென விதித்தது. 1581ஆம் ஆண்டில் இத்தண்டம், தொடர்ந்து வர மறுப்போருக்கு மாதத்துக்கு இருபது பவுண் என உயர்த்தப்பட்டது. கத்தோலிக்கராய் நிலைத்து நின்ற குடும்பங்கள் பல இதனாற் சொத்தை இழந்தன. 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டத்துக்குப் பின்னரே புரட்டஸ்தாந்துப் பிரிவினர் தத்தம் கூடங்களில் தடையின்றி வழிபட முடிந்தது.

சட்டத்தின் கை தளர்ந்த பின்னரும் தேவாலயத்தின் வாயிலாகவே வாழ்க்கை நடந்தது. 1754 முதல் 1837 வரை, யூதரும் குவேக்கரும் நீங்கலாக ஏனையோர் இங்கிலாந்துத் திருச்சபையின் தேவாலயத்திலே மணம் புரிந்தாலன்றி அம்மணம் செல்லாது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் 1854 வரையும் கேம்பிரிட்ஜில் 1856 வரையும் அத்திருச்சபையின் கோட்பாடுகளை ஏற்காதவன் கலைமாணிப் பட்டம் பெற முடியாது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவை, குளொஸ்ரர் நகரில் 1780ஆம் ஆண்டில் ரொபேட் றெய்க்ஸ் தொடங்கியவை போன்ற ஞாயிறு பாடசாலைகளே. நோயுற்றோருக்கு உதவியும் வறியோருக்கு ஆடையும் உணவும் பங்குக் குருவானவரின் கையாலேயே பெரிதும் வழங்கப்பட்டன. நிலவுடைமையாளன் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது, அவனுடைய குத்தகைக்காரன் வீட்டிலிருக்கத் துணிதல் அரிது. அண்டை வீட்டாரின் கண்ணும் ஒருவகைச் சட்டமாகவே இயங்கியது.

மேற்கூறிய கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. 1837 முதல் பதிவாளர் முன்னிலையில் மணம் புரிய வழி பிறந்தது. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தோடு பொதுப் பாடசாலைகள் தோன்றின. 1871இல் பல்கலைக்கழகச் சமயத் தடைகளுள் எஞ்சியவையும் பெரும்பாலும் நீங்கின. 1908இல் முதியோர் ஓய்வூதியமும் 1948இல் தேசிய சுகாதார சேவையும் சட்டபூர்வ உரிமைகளாயின. இவற்றுள் எதனையும் நீதியுணர்வுடையோர் தீங்கெனக் கருதார். திருமணமும் கல்வியும் மருந்தும் ஒருவனுடைய சமய வருகையைச் சார்ந்திராமல் இருப்பதே அறமாகும். தேவாலய வாங்குகள் வெறுமையானமையில் ஒரு பகுதி, மனிதர் அடைந்த சுதந்திரத்தின் மறுபக்கமே என்னும் முடிவு இங்கு தவிர்க்க முடியாததாகிறது. அச்சத்தினாலும் ஆதாயத்தினாலும் வந்தோர் அவையிரண்டும் நீங்கியபின் வராது நின்றனரெனின், அங்கு குறைந்தது விசுவாசம் ஆகாது.

இவ்வுண்மைக்கு ஐரோப்பாவில் மட்டுமன்றி, ஐரோப்பியர் ஆண்ட இலங்கையின் வரலாற்றிலும் தெளிவான உதாரணம் உண்டு. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின், தமது சீர்திருத்தத் திருச்சபையை அரச சமயமாக்கினர். பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாதோர் தண்டம் செலுத்த நேர்ந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. பதவி வேண்டியவனும் முதுசத்துக்கு உரிமை கோரியவனும் அத்தோம்பிலே தன் பெயரைக் காட்ட வேண்டியிருந்தது. பல்லாயிரவர் கிறிஸ்தவராகப் பதியப்பட்டனர். 1796இல் ஒல்லாந்தராட்சி முடிவுற்றது. அரசின் வற்புறுத்தலும் பதவியின் கவர்ச்சியும் நீங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அப்பல்லாயிரவரிற் பெரும்பாலோர் தம் முன்னோரின் வழிபாட்டுக்கு வெளிப்படையாகத் திரும்பினர். ஒன்றரை நூற்றாண்டுக் காலம் தோம்புகளில் நிறைந்திருந்த ஒரு சபை, ஆட்சியோடு தானும் கரைந்தது.

அதே ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்தது. குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரண தண்டனை விதிக்கப்படுமென அறிவிக்கப்பட்டது. 1687ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து வந்த ஜோசப் வாஸ் அடிகள் ஏழைத் தொழிலாளியின் வேடம் பூண்டு யாழ்ப்பாணத்திலும் சில்லாலையிலும் மறைவாகப் பணியாற்றினார். இரவு வேளைகளிலே தனிப்பட்டோர் இல்லங்களில் திருப்பலி நிகழ்ந்தது. அங்கு சென்றோருக்குப் பதவி கிடைக்கவில்லை. பிடிபட்டால் உள்ளதும் பறிபோகும். எனினும் அச்சபை அழியவில்லை. ஒல்லாந்தர் சென்றபின்னும் அது நிலைத்தது. ஜோசப் வாஸ் 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பிலே புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார். தலைகளை எண்ணிச் சமயத்தின் வலுவை அளத்தல் எவ்வளவு பிழையானது என்பதற்கு, ஒரே நிலத்தில் ஒரே காலத்தில் வாழ்ந்த இவ்விரு சபைகளும் சான்றாகும்.

எனினும், இவ்விளக்கத்தோடு ஆய்வை முடித்துவிட இயலாது. தண்டமும் வாடகை இருக்கையும் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆகியபின், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே பெருவீழ்ச்சி ஏற்பட்டது. ‘கிறிஸ்தவப் பிரித்தானியாவின் மரணம்’ என்னும் பொருள்படும் தலைப்பில் 2001இல் நூலெழுதிய கலம் பிறவுண், 1963ஆம் ஆண்டளவில் தொடங்கிய திடீர் மாற்றமே தீர்க்கமானது என்பர். பெண்களின் வாழ்க்கையில் ஏற்பட்ட மாற்றத்தை அவர் அதற்கு முதற்காரணமாகக் காண்கிறார். பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்து, ஞாயிறு உடை உடுத்தி, தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றவள் தாயே. தன் வாழ்வின் இலட்சியத்தைத் திருச்சபை காட்டிய வடிவத்துக்கு வெளியே அவள் தேடத் தொடங்கியபோது, தலைமுறையிலிருந்து தலைமுறைக்குச் சென்ற பழக்கத்தின் சங்கிலி அறுந்தது. 1994ஆம் ஆண்டின் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெருங்கடைகளைத் திறக்க அனுமதித்தபோது, அந்நாளுக்கிருந்த தனித்தன்மையும் மங்கியது. அதே ஆண்டில் எழுதிய கிறேஸ் டேவி, பிரித்தானியரிற் பலர் சபையைச் சாராமலே நம்பிக்கையை வைத்திருப்போர் என வருணித்தார். ஆயின் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து கண்டு பழகுவது செயலையே. தந்தை மனத்துள் வைத்திருந்த நம்பிக்கையை மகன் காண்பதற்கு வழியில்லை. பின்வந்த குடிசன மதிப்புகள் இதனையே உணர்த்துகின்றன.

அயர்லாந்தின் நிலை வேறொரு பாடத்தைத் தருகிறது. அங்கு 1970களின் தொடக்கத்திலே கத்தோலிக்கரில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் வாரந்தோறும் திருப்பலிக்குச் சென்றனர். பிரித்தானிய ஆட்சியின் கீழ் ஒடுக்கப்பட்ட மக்களின் அடையாளமாக அத்திருச்சபை விளங்கியமை இதற்கொரு காரணம். ஆனால், திருச்சபை நிறுவனங்களில் சிறுவர் அனுபவித்த கொடுமைகளையும் அவற்றை மேலிடத்தார் மறைத்தமையையும் 2009ஆம் ஆண்டில் வெளிவந்த இரு விசாரணை அறிக்கைகள் அம்பலமாக்கின. மணமாகாது தாயாகிய பெண்கள் உட்படப் பலர் அடைத்துவைக்கப்பட்டு வேலை வாங்கப்பட்ட மக்தலேன் சலவைச்சாலைகளில் இறுதியானது 1996இலேயே மூடப்பட்டது. அங்கே மக்கள் விலகியமைக்கு விஞ்ஞான நூல்களிலும் பார்க்க இச்செய்திகளே பெரிதும் காரணமாயின. விசுவாசத்தை இழந்தமையால் அன்றி, திருச்சபையே கற்பித்த நீதியுணர்வைக் கொண்டு திருச்சபையை அளந்தமையால் வெளியேறியோர் அவர்களுட் பலர். அத்தகைய வெளியேற்றத்தை ஒழுக்கக் கேடு என்று கூறுதல் எவ்வாற்றானும் பொருந்தாது.

இவ்வளவும் நோக்குமிடத்து, வெற்று வாங்கு ஒருவகையில் நேர்மையின் அடையாளம் என்ற கருத்து வலுப்பெறுகிறது. டென்மார்க் நாட்டுத் தத்துவஞானி சோரன் கீர்க்கேகார்ட் இக்கருத்தின் எல்லைவரை சென்றவர். பிறப்பினாலேயே எல்லோரும் கிறிஸ்தவராகிவிடும் நாட்டில் உண்மையான கிறிஸ்தவம் இருக்க முடியாது என அவர் 1854, 1855ஆம் ஆண்டுகளில் அரச திருச்சபையைக் கடுமையாகச் சாடினார். நம்பாததை நம்புவதுபோல் நடித்து ஆராதனையில் அமர்வதைவிட, அங்கு செல்லாது விடுவதால் மனிதன் ஒரு பாவத்தையேனும் குறைத்துக்கொள்கிறான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இறக்கும் தறுவாயிலும் அரச சம்பளம் பெற்ற குருவானவரின் கையிலிருந்து நற்கருணை பெற அவர் மறுத்தார். அவருக்கு விசுவாசம் என்பது தனிமனிதன் கடவுளின் முன் தனியே நின்று எடுக்கும் தீர்மானமாகும். கூட்டம் அத்தீர்மானத்தை மறைக்கும் திரை.

இதற்கு நேரெதிரான நிலைப்பாட்டைப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டேர்க்கைமின் 1912ஆம் ஆண்டு நூலிற் காணலாம். கூடுதலே சமயத்தின் உயிர் என்பது அவர் கொள்கை. மனிதர் ஓரிடத்திற் கூடி ஒரே சொல்லை உச்சரித்து ஒரே வேளையில் எழுந்து நிற்கும்போது, தனியொருவனிடம் இல்லாத ஒழுக்க ஆற்றல் அவர்களிடையே பிறக்கிறது என அவர் கருதினார். நம்பிக்கை இருப்பதாற் கூடுகிறார்கள் என்பதுடன், கூடுவதாலேயே நம்பிக்கை வளர்கிறது என்பதும் இதனாற் பெறப்படும். நற்பண்பு பழக்கத்தாற் படிகிறது என்ற அரிஸ்ரோட்டிலின் கருத்தும் இதற்கு அரண் செய்யும். மனம் முழுமையாக ஒன்றும் நாளில் மட்டுமே நன்மை செய்வேன் எனக் காத்திருப்பவன் நல்லவனாவதற்குள் வாழ்நாள் முடிந்துவிடும்.

இவ்விரு சிந்தனையாளருள் எவர் கூற்று உண்மை? நம்பிக்கை பற்றிய அளவில் கீர்க்கேகார்ட்டின் கூற்றை மறுத்தல் அரிது. வற்புறுத்தலாற் பெறப்பட்ட வழிபாடு வழிபடுவோனையும் வழிபடப்படும் பொருளையும் ஒருங்கே இழிவுபடுத்துகிறது. ஆனால் மனிதன் கடவுளின் முன் மட்டும் நிற்பவன் அல்லன். அயலானின் முன்னும் அவன் நிற்க வேண்டியிருக்கிறது. தேவாலயத்துக்குச் சென்றவர் அங்கு இரண்டு காரியங்களைச் செய்தனர்: ஒரு கோட்பாட்டை அறிக்கையிட்டனர், தாம் தெரிந்தெடுக்காத மனிதரோடு ஒன்றாக அமர்ந்தனர். முதலாவதை நேர்மையுடன் கைவிட்டோர், அதனோடு இரண்டாவதும் தம்மை விட்டு நழுவியதைக் கவனிக்கவில்லை.

இரண்டாவது காரியத்தை மிகைப்படுத்துதலும் தவறு. வாடகை இருக்கைகளின் வரலாறு அவ்வாறு மிகைப்படுத்த இடமளியாது. எனினும், முன்வரிசையிலும் பின்வரிசையிலும் இருந்தோர் ஒரே கூரையின் கீழ் ஒரே கண்டனத்தைக் கேட்டனர். பேராசை பாவம் என்பது செல்வந்தனின் காதிலும் விழுந்தது. ஒரு கிழவி இரு வாரம் வராதிருந்தால் அவள் நோயுற்றிருக்கிறாள் என்று எவரேனும் அறிந்தனர். இறந்தவனை அறியாதோரும் அவனுடைய அடக்க ஆராதனையிலே எழுந்து நின்றனர். நண்பர் குழாமும் கழகங்களும் மனிதருக்கு இன்றும் உண்டு. ஆயின் அவை ஒத்த வயதும் ஒத்த சுவையும் ஒத்த வருவாயும் உடையோர் தாமே தேர்ந்து சேரும் கூட்டங்கள். தனக்கு உவப்பில்லாதவனின் அருகிலும் வாரந்தோறும் அமர வேண்டும் என்ற கடமையை அவை எவர்மீதும் சுமத்துவதில்லை.

அத்தகைய கூட்டத்துக்கு இன்னும் தேவை உண்டு என்பதை 1989ஆம் ஆண்டின் லைப்சிக் நகரம் உணர்த்தியது. சமயத்தைப் புறக்கணிக்கப் பழக்கப்பட்ட கிழக்கு ஜேர்மனியிலே, புனித நிக்கலஸ் தேவாலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதானச் செபக்கூட்டம் நடந்தது. அஞ்சாது பேசக்கூடிய வேறிடம் இல்லாமையால், நம்பிக்கையற்றோரும் பெருந்தொகையாக அங்கு வந்தனர். 1989 ஒக்ரோபர் 9ஆம் நாள் செபம் முடிந்தபின் ஏறத்தாழ எழுபதினாயிரம் பேர் வன்முறையின்றி வீதிகளில் நடந்தனர். ஒரு மாதத்துள் பேர்லின் மதில் திறந்தது. சுதந்திரம் வந்தபின் அக்கூட்டம் தேவாலயத்தில் நிலைக்கவில்லை. தேவையின் பொருட்டு வந்தோர் தேவை நீங்கியதும் சென்றனர். ஆயினும் தேவை ஏற்பட்டபோது கதவு திறந்த ஓரிடம் இருந்தமைக்குக் காரணம், அதற்கு முன் பல திங்கட்கிழமைகளில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் அங்கு தவறாது கூடிவந்தமையே.

இங்கிலாந்திலே கதவு திறந்திருக்கிறது; வருவோர் குறைந்துள்ளனர். அங்கு ஓய்வூதியமும் மருத்துவமும் அரசின் பொறுப்பாயின. அது நற்பேறே. ஆனால் முதியவர் ஒருவரின் வீட்டுக்கதவைத் தட்டி நலம் விசாரிக்கும் பொறுப்பை எந்தத் திணைக்களமும் முழுமையாக ஏற்க முடியாது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில், தனிமையால் வருந்தும் மக்களின் பிரச்சினையைக் கவனிப்பதற்கெனப் பிரித்தானிய அரசாங்கம் ஓர் அமைச்சருக்குப் பொறுப்பு வழங்கியது. பங்குத் தேவாலயங்கள் நிறைந்திருந்த காலத்தில் தனிமை இருக்கவில்லை என்று இதற்குப் பொருளன்று. அதனைக் கவனிப்பது அயலாரின் இயல்பான கடமை என்னும் எண்ணம் அன்று இருந்தது. இன்று அது அமைச்சுக்குரிய விடயமாகியுள்ளது.

2020ஆம் ஆண்டு மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக இங்கிலாந்தின் தேவாலயங்கள் பொது வழிபாட்டுக்கு மூடப்பட்டன. ஆராதனைகள் திரையின் வழியே வீடுகளுக்கு வந்தன. மறையுரை காதில் விழுந்தது, பாடல் ஒலித்தது, கோட்பாடு எதுவும் குறையவில்லை. ஆனால் அருகில் இருமிய மனிதன் இல்லை. கதவுகள் மீண்டும் திறந்தபின், முன்னர் 8 இலட்சத்து 54 ஆயிரமாக இருந்த வருகை 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 54 ஆயிரமாகவே இருந்தது. அடுத்த ஆண்டில் அது சற்று உயர்ந்து 6 இலட்சத்து 85 ஆயிரமாயிற்று. திரும்பாதோர் அனைவரும் இரண்டு ஆண்டுகளில் நாத்திகராகினர் எனக் கொள்ள முடியாது. முதுமை, நோய், அச்சம் என்பன சிலரைத் தடுத்திருக்கும். எஞ்சியோரின் வருகையை அதுவரை தாங்கி நின்றது பழக்கமே. பழக்கத்தால் வந்தோரை இகழ்வது எளிது. அவர்கள் வராதபோது தனித்துப் போன அயலாரையும் அங்கு நினைத்தல் வேண்டும்.

ஆகவே, தேவாலயங்களுக்குச் செல்வோர் ஏன் குறைந்தனர் என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. சட்டம் அச்சுறுத்தாது விட்டமையாற் சிலரும், ஆதாயம் இல்லாதொழிந்தமையாற் சிலரும், அநீதி கண்டு மனம் வெதும்பியமையாற் சிலரும், தாயிடமிருந்து பழக்கத்தைப் பெறாமையாற் பலரும் செல்வதில்லை. இவர்களை மீண்டும் கொண்டுவருவதற்கு அரசின் துணையையோ சமூகத்தின் நெருக்குதலையோ நாடுவது ஒல்லாந்தர் காலத் தோம்பை மீண்டும் திறப்பதாகவே முடியும். தொகை குறைந்த சபை தன்னிடம் எஞ்சியிருப்போர் விரும்பி வந்தோர் என்பதில் ஆறுதல் கொள்ளலாம். அதனோடு, வெளியேறியோரிற் பலர் எதனைக் கண்டு வெளியேறினர் என்பதை மறைக்காது ஆராய்வதும் அதன் கடமையாகும்.

வெளியேறியோருக்கும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. நம்பாத கோட்பாட்டை நம்புவதாகச் சொல்லுமாறு எவரையும் கேட்கும் உரிமை எவருக்குமில்லை. ஆனால் அயலானோடு கூடியிருக்கும் கடமை அக்கோட்பாட்டிலிருந்து மட்டும் பிறந்ததன்று. கோட்பாடு நீங்கியதால் அது நீங்கிவிடவும் மாட்டாது. ஞாயிறு காலை விடுதலையாயிற்று. அவ்விடுதலையைப் பெற்றவன், முன்னர் அதே வாங்கில் தன்னருகில் அமர்ந்திருந்த முதியவள் இப்பொழுது எவ்வாறு இருக்கிறாள் என்பதை அறியாதிருப்பானாயின், அவன் கைவிட்டது சமயத்தை மட்டுமன்று. தேவாலயத்தின் கூரையின் கீழ் அன்றேல் வேறெக்கூரையின் கீழ் அக்கடமை நிறைவேற்றப்படும் என்ற வினாவுக்கு, செல்வோரும் செல்லாதோரும் ஒருங்கே விடை கூறக் கடமைப்பட்டுள்ளனர்.